கன்னிக்குட்டி கொடுத்த அக்கா

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வருகிறவர்கள் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அக்கா மட்டும் தன் பட்டாவை என்னிடம் கொடுக்கவேயில்லை. ஒரு மூலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நீங்க மூடியத் தெறங்க, நானே வைக்கேன்" என்றார். வைத்தார். மூடியை மூடி அதன்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார். வெளிச்சம் ஓடி முடிந்து நகல் வந்து விழுந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அசலை எடுத்துத் திருப்பி, பின்பக்க மூலையில் எதையோ தேடினார். அங்கே மஞ்சளால் வைத்த சின்னப் புள்ளி ஒன்று இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் முகம் தெளிந்தது.

"என்னக்கா, மிஷினுக்குள்ள காகிதம் மாறிரும்னு பயமா?"

"மாறாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா தம்பி?"

எழுதிக் கொடுத்தால் அதிலும் ஒரு மஞ்சள் புள்ளி வைப்பார் என்று தோன்றியதால் நகலை மட்டும் எடுத்து நீட்டினேன்.

அவர் பெயர் அந்தப் பட்டாவில் இருந்தது. இங்கே எழுதமாட்டேன். எழுதினது தெரிந்தால், ஏன் எழுதினாய், யார் கேட்டு எழுதினாய், எழுதியதில் உனக்கு என்ன லாபம் என்று விசாரிக்க பஸ் ஏறி வந்துவிடுவார். அதுவும் வருகிறேன் என்று சொன்ன நாளில் வரமாட்டார்.

எப்போதும்வென்றானுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவருக்கு. மானாவாரி நிலம், எங்கள் பக்கத்தில் அதைக் காடு என்போம். மழை பெய்தால் உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். வீட்டில் இரண்டு பெட்டை நாய்கள், இரண்டும் கன்னி. கன்னி என்பது எங்கள் பக்கத்து வேட்டை நாய். கருத்த உடம்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், கண்ணுக்கு மேலே செம்மண் நிறத்தில் இரண்டு பொட்டு. பழைய குடும்பங்களில் அதை விலைக்குக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீரோடு சீராகக் கொடுத்து அனுப்புவார்கள். அந்த அக்காவும் விற்கமாட்டார். ஆனால் சும்மாவும் கொடுத்துவிடமாட்டார். அவர் வீட்டுக் குட்டியை வாங்குவதைவிட அவர் வீட்டில் பெண் எடுப்பது சுலபம் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்.

நாங்கள் அப்போதுதான் பைபாஸ் தாண்டிப் புது மனையில் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். பின்தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள். அன்று முதல் என் மனைவிக்கு நாய் வேண்டும். மகளுக்கு அதற்கு முன்பிருந்தே வேண்டும். மறுமுறை அக்கா கடைக்கு வந்தபோது மெல்லக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழம வந்து வீட்டப் பாக்கேன். பொறவு சொல்லுதேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார். நான் லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீடு கிடந்த கிடப்பைச் சொல்லவேண்டாம்.

"செவ்வாய்க்கிழமைன்னு சொன்னீங்களேக்கா?"

"செவ்வாய்க்கிழம வந்தா கூட்டிப் பெருக்கி வச்சிருப்பீங்க. எனக்கு ஞாயித்துக்கிழம வீடுதான் வேணும்."

கேட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியில் தன் முஷ்டியை விட்டுப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் மகளைத் தனியாக மாமரக் கன்றுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்க் குனிந்து ஏதோ கேட்டார். அதே கேள்வியை அடுப்படிக்குப் போய் என் மனைவியிடமும் கேட்டார். உங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் எதைத் தூக்கி எறிவார் என்பதுதான் கேள்வி. இரண்டு பேரும் டிவி ரிமோட் என்று சொல்லியிருக்கிறார்கள். பதில் ஒத்துப்போனதால் நான் தேறினேன்.

என் மனைவி காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அக்கா கையைக்கூட நீட்டவில்லை.

"வேண்டாம்மாடி. ஒங்க வீட்டுக் காப்பியக் குடிச்சிட்டா நாளைக்கு நாய சரியா வளக்கலன்னு ஏச எனக்கு வாய் வராது."

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் துணியில் பொதிந்து குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் கொடுக்கும்போதே நிபந்தனையும் வந்தது. "ஒரு வருசத்துக்கு இது எங்க வீட்டுப் புள்ளதான். அதுக்குள்ள என் மனசுக்கு ஒப்பலன்னா தூக்கிட்டுப் போயிருவேன். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது." மகள் அதற்குள் குட்டியை வாங்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, பொட்டு என்று பெயரும் வைத்துவிட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? சரி என்றேன்.

அதன் பிறகு எங்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. சங்கிலி கூடாது. பிஸ்கட் கூடவே கூடாது. கேப்பைக் கூழில் மோர் ஊற்றிக் கொடுக்கவேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை. தின்னும்போது தட்டுக்குள் கையை விட்டு அளைய வேண்டும். உறுமாத வரைக்கும் அளைந்துகொண்டே இருக்கவேண்டும். பல் முளைக்கிற காலத்தில் என் செருப்பைக் கடித்துக் குதறியதற்கு நான் அதை ஒரு தட்டுத் தட்டினேன். அக்காவுக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, அடுத்த தடவை வந்ததும், "செருப்ப வாசல்ல போட்டது யாரு, அதுவா?" என்று என்னைக் கேட்டார். பழைய சேலையை முறுக்கி முடிச்சுப் போட்டு, கடிக்கிறதற்கு அதைக் கொடுக்கச் சொன்னார். ஐப்பசி மழையில் ஊரே சகதியானபோது, பொட்டுவின் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கரிசல் மண் அங்கே ஒட்டிக் காய்ந்தால் கல்லாகிவிடும், குட்டி அதைக் கடித்துக் கடித்தே புண்ணாக்கிக்கொள்ளும். கழுவித் துடைத்திருந்தோம். அப்படியும் முகர்ந்து பார்த்தார். "நான் வருவேன்னு தெரிஞ்சு கழுவினதா?" என்றார். அவர் வருவது யாருக்குத் தெரியும்!

இந்தச் சந்தேகம் எங்கள்மேல் மட்டும்தான் என்று நினைத்து முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. தூத்துக்குடிக்குப் போகிற வழியில் ஒருநாள் அவரை அவருடைய காட்டில் பார்த்தேன். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள். சுற்றிலும் எல்லோரும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் தன் காட்டில் மண்டியிட்டு, முழங்கை வரை மண்ணுக்குள் கையை விட்டுக்கொண்டு இருந்தார். நானும் வண்டியை நிறுத்தி, என்னக்கா விதைக்கவில்லையா என்றேன். "மேல நனைஞ்சிருக்கு. அடியில சூடு அப்பிடியே இருக்கு. இந்த மண்ணு சிரிச்சிக்கிட்டே ஏமாத்தும்" என்றார். செல்போனில் இன்னும் மழை சொல்கிறானே என்றதற்கு, "அவன் எங்காட்டப் பாத்திருக்கானா?" என்றார். காலடி மண்ணையே நம்பாதவர் என்னை எப்படி நம்புவார்! அன்றைக்கு என் எரிச்சலில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதியை எதிர்வீட்டு அண்ணாச்சி பெரிதாக்கினார்.

எதிர்வீட்டு அண்ணாச்சி நல்ல மனிதர் என்றுதான் தெருவே சொல்லும். டிராக்டர் உதிரி பாகம் விற்கிற கடை வைத்திருந்தார். பொட்டு மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். கடையிலிருந்து வரும்போதெல்லாம் சட்டைப் பையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். வேண்டாம் அண்ணாச்சி என்றால், "பச்சப்புள்ளைக்கு ஒரு பிஸ்கட்டு குடுத்தா என்ன" என்பார். ஒருநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அந்தம்மா நாய எதுக்கு விசிலுக்குப் பழக்குது?"

விசில் விஷயம் உண்மைதான். அக்கா வரும்போது காம்பவுண்டுக்கு வெளியே நின்று நாக்கை மடித்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிப்பார். பொட்டு எதை விரட்டிக்கொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடவேண்டும். ஓடினால் அக்காவின் முந்தானை முடிச்சிலிருந்து உப்புக்கண்டம் ஒரு துண்டு கிடைக்கும். உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டுக்கறிக்கு எந்த நாய்தான் வராது? எங்களையும் தினமும் அதையே செய்யச் சொல்லியிருந்தார். முதலில் பந்து, பிறகு கோழி, பிறகு ஆடு. விரட்டுகிற வேகத்தில் இருக்கும்போது விசில், திரும்பி வந்தால் கறி. எனக்கு விசில் வராது, காற்றுத்தான் வரும். என் மனைவி இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். பொம்பளை வாசலில் நின்று விசில் அடிக்கிறாள் என்று தெருவில் பேச்சானது வேறு கதை.

"எங்க வந்தாலும் வரணும்ல அண்ணாச்சி, அதுக்குத்தான்" என்றேன்.

"வெளங்காத ஆளா இருக்கீங்களே. ஒரு வருசம் ஒங்க பாலு, ஒங்க முட்டை. தெரண்டு வந்ததும் வேலிக்கு அங்கிட்டு நின்னு ஒரு விசில் அடிச்சா போதும், அது பாட்டுக்குப் போயிரும். வேட்டைக்காரனுவ கையில அவிய குடுத்துருவாவ. இப்படி எத்தன வீட்டுல வளக்க விட்டிருக்காவளோ!"

முயல் பிடித்தால் வனத்துறை கேஸ் போடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒளித்து மறைத்துப் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். நல்ல கன்னிக்கு அவர்களிடம் உள்ள மதிப்பே வேறு. அண்ணாச்சி சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு எல்லாமே வேறுமாதிரித் தெரிய ஆரம்பித்தது. அக்கா ஏன் வரும்போதெல்லாம் பொட்டுவின் தொடையை அழுத்திப் பார்க்கிறார்? ஏன் நெஞ்சுக்கூட்டை சாண் போட்டு அளக்கிறார்? "ஓட்டம் எப்பிடி இருக்கு?" என்று ஏன் கேட்கிறார்? ஒரு வருஷக் கெடு எதற்கு? சந்தேகம் தொற்றுநோய் மாதிரி, அவரிடமிருந்துதான் எனக்கு ஒட்டியிருக்கவேண்டும். பொட்டு அதற்குள் என் மகளின் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கும். கடையை மூடிவிட்டு நான் திரும்பும்போது தெருமுனையில் என் வண்டிச் சத்தத்துக்கே எழுந்து நிற்கும். ராத்திரி எழுந்து, அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

சித்திரையில் ஒருநாள் அண்ணாச்சி தன் பைக்குக்குப் பக்கத்தில் பொட்டுவை ஓடவிட்டு செல்போனில் வீடியோப் படம் எடுத்து, அதை ஸ்டேட்டஸிலும் போட்டார். எங்கள் மூவருக்கும் ஒரே பெருமை. பைக்கே பின்தங்குகிறது! நான் அதை எடுத்து என் ஸ்டேட்டஸிலும் போட்டேன்.

கோடை மழை ஒன்று பெய்து காய்ந்த சமயத்தில் அக்கா வந்தார். அன்று விசில் அடிக்கவில்லை. வாசலுக்கு வெளியே குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரிசல் மண் ஈரத்தில் பதிந்ததை அப்படியே காய வைத்து வைத்திருந்தது.

"இது யாரு வண்டி?"

"எங்க வண்டிதான்க்கா."

"ஒங்க வண்டி டயரு அந்தா கெடக்கு. இது வேற. இங்கன வந்து நின்னு, கால ஊண்டி, திரும்பிப் போயிருக்கு. அந்தப் பக்கமும் ஒண்ணு வந்திருக்கு."

படத்தைப் பற்றி மகள்தான் சொன்னாள். அதை வாங்கி, செல்போனைத் தள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டு முழுசும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. யார் எடுத்தது என்று கேட்டார். எதிர்வீட்டைக் காட்டினோம்.

"வார ஞாயித்துக்கிழம எல்லாருமா எங்க ஊருக்கு வாங்க. நாயையும் கூட்டிட்டு வாங்க. பொட்டு தேறிச்சுன்னா ஒங்களோட திரும்பி வரும். தேறலன்னா அங்கனயே விட்டுட்டு வரணும்" என்றார். கேட்டைத் தாண்டியவர் திரும்பி, "எதிர்வீட்டு அண்ணாச்சியையும் கட்டாயம் கூப்பிடுங்க" என்றார்.

இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சியோ அதைக் கேட்டதும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிற வழியெல்லாம், "நான் சொன்னேன்ல? இன்னைக்கு ஓட்டத்தப் பாத்துட்டு வச்சுக்கிடப் போறாவ" என்று என் காதில் ஓதினார். நான் பொட்டுவின் கயிற்றை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். என் மகள் காரில் ஏறியதிலிருந்து பொட்டுவின் கழுத்தைச் சுற்றிய கையை எடுக்கவில்லை.

ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பெஞ்சு நிறைய ஆள். கடைக்கு நேர் எதிரே கோடை உழவு போட்ட காடு, அதன் ஓரத்தில் சீமைக்கருவேலம். இத்தனை காடு இருக்க, இத்தனை பேர் பார்க்கிற இந்தக் காட்டைத்தான் அக்கா பிடித்திருந்தார். கையில் ஒரு கம்பு.

"கயித்த அவுங்க தம்பி."

நான் அவிழ்க்கவில்லை. "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. விசில் நீங்க அடிப்பீங்களா?" என்றேன்.

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் எதுக்கு அடிக்கணும்? நாய் எனக்கா வேணும்? அம்மாடிதான் அடிக்கணும்" என்று என் மனைவியின் முந்தானையில் ஒரு கறித்துண்டை முடிந்துவிட்டார். கயிறு தானாக என் கையிலிருந்து நழுவிற்று.

வரப்போரப் புதரில் கம்பால் தட்டினார். முயல் ஒன்று துள்ளிக் காட்டுக்குள் பாய்ந்தது. பொட்டு எப்போது கிளம்பியது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அது பாதிக் காட்டில் இருந்தது. டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "ஏலே, என்ன ஓட்டம்லே!" என்று ஒரு குரல். அண்ணாச்சி கண் கொட்டவில்லை.

"இப்ப அடி" என்றார் அக்கா.

என் மனைவி அத்தனை ஆம்பிளைகளையும் பார்த்தாள். நாக்கை மடித்து ஊதினாள். காற்றுத்தான் வந்தது. முயலுக்கும் பொட்டுவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. என் மகள், "அம்மா, அடிங்கம்மா!" என்று கத்தினாள். என் மனைவி புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருமுறை ஊதினாள். இரண்டு சுரமும் காடு முழுக்கக் கேட்டது.

பொட்டு புழுதியில் சறுக்கிக்கொண்டு நின்றது. முயல் கருவேலத்துக்குள் போய்விட்டது. பொட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உழவுக் கட்டிகளைத் தாண்டித் தாண்டி வந்து, என் மனைவியின் முந்தானையை முகர்ந்தது.

டீக்கடை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "முயல விட்டுட்டு முந்தானைக்கு வருது பாருலே!" "இதெல்லாம் ஒரு கன்னியா, இதுக்கு தெருநாய் தேவல!" அக்காவும் சேர்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டார். "என்னத்தச் செய்ய! ஓட்டம் இருக்கு, புத்தியில்ல. இந்த ஈத்தே வீணாப் போச்சு" என்றார். அண்ணாச்சி, "சே" என்று சொல்லிவிட்டு டீக் குடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா புழுதியில் உட்கார்ந்து பொட்டுவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இதோட அக்காள கழுகுமலைப் பக்கம் குடுத்தேன். நல்லா முயல் பிடிக்குன்னு பேராச்சு. பேரான கொஞ்ச நாள்ல எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். ராவும் பகலும் முயலுக்குப் பின்னால விட்டு ஓட்டிருக்கானுவ. பூமி வெடிப்புல கால் மாட்டி ஒடிஞ்சதும் ஓடையில போட்டுட்டுப் போயிட்டானுவ. நான்தான் தேடி எடுத்தேன், உசுரு இல்ல." பொட்டுவின் முன்னங்காலை மேலிருந்து கீழே நீவிக்கொண்டே இருந்தார். "பேரு கெட்ட நாய எவனும் தூக்க மாட்டான் தம்பி. அதுக்குத்தான் டீக்கடைக்கு எதுக்க வச்சேன். இன்னும் ரெண்டு நாள்ல நாகலாபுரம் வரைக்கும் இதச் சொல்லிச் சிரிச்சிருவானுவ."

"அப்ப எதிர்வீட்டு அண்ணாச்சியவா சந்தேகப்படுதீங்க?"

"நான் யாரச் சொன்னேன்? ஒங்களையும்தான் சந்தேகப்பட்டேன். அந்தப் படத்த நீங்களும்தான போட்டீங்க."

பொட்டு எங்களோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. மகள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மறுநாளிலிருந்து எதிர்வீட்டு அண்ணாச்சி பிஸ்கட் வாங்கிக்கொண்டு வரவில்லை. பொட்டு பழக்க தோஷத்தில் அவர் வண்டியை நிறுத்தும்போது வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்கும்; அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார். வாசலில் வேற்று டயர்த் தடமும் அதன் பிறகு விழவில்லை. இதை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாதுதான். இன்றைக்கும் அவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, சௌக்கியமா?" என்றால் நான் சௌக்கியம் என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு கேட்டைத் தாழ்போட்டேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த ஆவணியில், புதன்கிழமை வருகிறேன் என்ற அக்கா திங்கட்கிழமை வந்தார். கெடு முடிந்திருந்தது. தட்டைப் பார்த்தார், விரலிடுக்கைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மாடி, ஒரு காப்பி போடு" என்றார்.

நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் ஓடிப்போய்ப் புதுப் பால் காய்ச்சி, நுரை வர ஆற்றி, எங்கள் வீட்டிலிருந்த நல்ல டம்ளரில் கொண்டுவந்தாள். அக்கா டம்ளரை வாங்கினார். உள்ளே பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிங்க தம்பி."

குடித்தேன். என் தொண்டையில் அது இறங்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டம்ளரை வாங்கி மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.